சிச்சுவேஷன் கேட்காத பாட்டு

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து இப்போதே சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, பொங்கல் விழாவுக்குப் பாயும் கையுமாக வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பேச வருவதற்கு முன்னால் மேடைக்குப் பின்பக்கம் டீ குடிக்கப் போனேன். நாம் பேசி முடித்ததும் கச்சேரி செய்யப் போகும் மெல்லிசைக் குழுத் தம்பிகள் ஒயர் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்கு லிஸ்ட்டு என்னப்பா?" என்றேன். "ராஜா சார் ஆறு, ரஹ்மான் சார் நாலு, அனிருத் அஞ்சு" என்றார் கீபோர்டு தம்பி. "உங்க பாட்டு?" என்றேன். தலையைச் சொறிந்தார். "மூணு இருக்கு சார். யாரு சார் கேப்பா?"

"சொந்தமாகப் பாட்டுக் கட்டும் இசைக்குழுக்கள் நிலைக்க, சினிமாவோடு கைகோக்க வேண்டுமா, தள்ளி நிற்க வேண்டுமா?" இதுதான் ஐயா நீங்கள் கொடுத்த தலைப்பு. தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று சொல்ல வந்தவன் நான்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி அடுக்கினார்கள். இளையராஜா யார்? பாவலர் சகோதரர்கள் குழுவில் வாசித்தவர். ரஹ்மான் யார்? இளவயதில் சென்னையில் 'நெமசிஸ் அவென்யூ' என்று ராக் குழு நடத்தியவர். கோவிந்த் வசந்தா யார்? கொச்சியில் 'தைக்குடம் பிரிட்ஜ்' தொடங்கியவர். இவர்களையெல்லாம் சினிமாதானே தூக்கிவிட்டது? கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நானும் தட்டினேன். ஆனால் தங்கச்சி, நீங்கள் சொன்னது மூன்று ஆட்களின் கதை. தலைப்பில் இருப்பது குழு! நெமசிஸ் அவென்யூவின் பாட்டு ஒன்றை, ஒரே ஒன்றை, இந்தக் கூட்டத்தில் யாராவது முணுமுணுக்க முடியுமா?

பாவலர் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், அதற்குப் பிறகு நடுவர் மணியை அடிக்கட்டும். இளையராஜாவின் அண்ணன், பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல். கேரளத்தில் ஈ.எம்.எஸ். தலைமையில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சி; அந்தக் கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ்; ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள். மலையாளத்தில் பேசினால் அவர்களுக்கு எப்படி ஏறும்? பாவலர் ஆர்மோனியத்தோடு மலையேறினார். மக்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டு, அதற்குள் தன் சொல். ரோசம்மா ஜெயித்தார். (எதிரணித் தலைவர் குறிப்பு எழுதுகிறார். "மெட்டு சினிமாவுடையதுதானே" என்று கேட்கப் போகிறார். எழுதுங்கள் ஐயா. மெட்டு கடன், சொல் சொந்தம். ஒத்துக்கொள்கிறேன்.)

தம்பிகள் சேர்ந்தார்கள், குழு ஊர் ஊராகப் போனது. பிறகு சென்னை. பாவலர் 1973இல் போய்விட்டார். 1976இல் அன்னக்கிளி வந்தது, தமிழ்நாடே தலைகீழானது. அந்தப் பாட்டு இல்லாமல் எனக்கும் பொழுது விடியாது. ஆனால் கணக்குப் பாருங்கள். பாஸ்கர் படத் தயாரிப்புக்குப் போனார், கங்கை அமரன் பாடலாசிரியர், இசையமைப்பாளர், இயக்குநர் ஆனார், ராஜா ராஜாவானார். ஆளுக்கொரு சிம்மாசனம் கிடைத்தது. ஊர் ஊராகப் போன அந்தக் குழு எந்த ஊரில் நின்றது?

நம் காலத்துக்கு வருவோம். 'லா பொங்கல்' என்று ஒரு குழு. நாட்டுப்புறப் பாட்டுக்குப் புதுச் சட்டை மாட்டினார்கள். அதிலிருந்த அந்தோணி தாசனைச் சினிமா கூப்பிட்டுக் குரலை எடுத்துக்கொண்டது. தர்புகா சிவாவைக் கூப்பிட்டது. 2017இல் 'மறுவார்த்தை பேசாதே' வந்தது, பஸ்ஸில் ஆட்டோவில் எங்கும் அதே பாட்டு. இசை யார்? 'மிஸ்டர் எக்ஸ்'! விளம்பர உத்திதான், தெரியும். ஆனாலும் சொந்தப் பெயரோடு மேடையேறிக்கொண்டிருந்த மனிதரை, அந்தப் பாட்டுக்குச் சினிமா பெயரில்லாமல்தானே அறிமுகம் செய்தது!

சினிமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு ஐயா. பாட்டு என்றால் முதலில் சிச்சுவேஷன் கேட்கும். ஹீரோ வருகிறார், ஹீரோயின் போகிறார், மழை பெய்கிறது. இடஒதுக்கீட்டுக்கு என்ன சிச்சுவேஷன் சொல்வீர்கள்? ஹீரோ கவுன்சலிங் வரிசையில் நிற்கும்போது கனவில் சுவிட்சர்லாந்துக்கா போவார்? 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில் ஒரு மைதானம். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், கிட்டார், டிரம்ஸ், கூடவே சட்டியும் மோளமும். 'சாதியில்லாத் தமிழர்' என்று அயோத்திதாசப் பண்டிதர் சொன்னதிலிருந்து எடுத்த பெயர். ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் இசைவாணி என்ற பெண் நிமிர்ந்து பாடினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. இடஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள். எந்த ஹீரோவின் கால்ஷீட்டுக்கும் காத்திருக்கவில்லை.

"அதைத் தொடங்கிய பா. இரஞ்சித் சினிமாக்காரர்தானே?" என்று எதிரணியிலிருந்து குரல் வருகிறது. சரியான கேள்வி. அவர் கையில் படமே இருந்தது. நினைத்திருந்தால் அவர்களை ஒரு பாட்டுக்கு ஆட விட்டு அனுப்பியிருக்கலாம். அவரும் இசையமைப்பாளர் டென்மாவும் அவர்களுக்கென்று தனி மேடை அல்லவா போட்டார்கள்! சினிமாக்காரருக்கே தெரிந்திருக்கிறது, இது சினிமாவுக்குள் அடங்காது என்று. நீங்கள் என் பக்கத்துக்குச் சாட்சி பிடித்துக் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி.

தைக்குடம் பிரிட்ஜுக்கு 2022இல் என்ன நடந்தது? 'காந்தாரா' படத்தின் 'வராக ரூபம்' தங்கள் 'நவரசம்' போல இருக்கிறது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். படக்குழு மறுத்தது. கோழிக்கோட்டில் இடைக்காலத் தடை, பிறகு இந்தக் கோர்ட்டு அந்தக் கோர்ட்டு என்று வழக்கு சுற்றியது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. என் கவனம் வேறு: ஊருக்குத் தெரிந்த சொந்தப் பாட்டு ஒன்று அவர்கள் பெயரில் இருந்தது, அதனால் அத்தனை பெரிய படத்தைப் பார்த்து "இது எங்களுடையது மாதிரி இருக்கிறதே" என்று கேட்க முடிந்தது. வாத்தியம் வாசித்துக் கூலி வாங்கிப் போயிருந்தால் எதை வைத்துக் கேட்டிருப்பார்கள்?

சோற்றுக்கு என்ன வழி என்பீர்கள். அதில் நான் மழுப்ப மாட்டேன். கஷ்டம்தான். பெங்களூரு 'அகம்' குழு 2003இல் தொடங்கியது. கர்நாடக இசையும் ராக்கும் கலந்த பாட்டு. அதில் பலர் வருடக்கணக்காகப் பகலில் கம்ப்யூட்டர் கம்பெனி, ராத்திரியில் ஒத்திகை என்று ஓட்டினார்கள். சம்பளம் ஒரு பக்கத்திலிருந்து வந்ததால் பாட்டில் யாருக்கும் தலையாட்ட வேண்டியிருக்கவில்லை. எல்லோராலும் முடியாது, முடிந்தவர்கள் இருபது வருடம் தாண்டியும் குழுவாக நிற்கிறார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள் ஐயா. தீர்ப்பு எழுத உங்களுக்கு எப்படியும் ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் மைக்கைப் பின்னால் இருக்கிற கீபோர்டு தம்பியிடம் கொடுங்கள். மூன்றில் ஒன்றைப் பாடட்டும். தம்பி, ஜாக்கைச் சொருகுப்பா!