எந்தத் தேதி வரைக்கும் வேலை?

நேயர்களுக்கு வணக்கம். அரசு பெரிய கம்பெனிகளுக்கு நிவாரணம் கொடுத்தால் அவை ஆட்களை வேலையில் வைத்திருக்குமா என்பதுதான் இன்று பேசச் சொன்ன விஷயம். வைத்திருக்கும், ஒப்பந்தத்தில் எழுதிய தேதி வரைக்கும். நான் பல வருஷம் சம்பளப் பட்டியல் போட்டவன். ஆள் குறைப்புப் பேச்சு வந்தாலே முதலில் காலண்டரைத்தான் புரட்டுவோம்.

அமெரிக்க விமானக் கம்பெனிகளின் கதையைப் பாருங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது, அந்நாட்டு அரசு பயணிகள் விமானக் கம்பெனிகளுக்கு, சம்பளம் கொடுக்க என்றே, 2,500 கோடி டாலர் ஒதுக்கியது. பெரும்பகுதி திருப்பித் தர வேண்டாத பணம். செப்டம்பர் 30 வரை யாரையும் கட்டாயப்படுத்தி வீட்டுக்கு அனுப்பக் கூடாது, சம்பள விகிதத்தைக் குறைக்கக் கூடாது என்பது நிபந்தனை. சரி, கம்பெனிகள் வாக்குத் தவறவில்லை. விடிந்தது அக்டோபர் 1, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 19,000 பேரையும் யுனைடெட் சுமார் 13,000 பேரையும் சம்பளமில்லாமல் வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டன. டிசம்பரில் அரசு இன்னொரு 1,500 கோடி டாலர் கொடுத்ததும் அதே ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள்!

நிபந்தனையில் ‘கட்டாயப்படுத்தி’ என்று ஒரு சொல் இருந்தது, கவனித்தீர்களா? விருப்ப ஓய்வுக்கு அதில் தடையில்லை. ஆயிரக்கணக்கானோர் தொகையை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். அப்புறம் 2021 கோடையில் கூட்டம் திரும்பியபோது ஆள் பற்றாமல் விமானங்களை ரத்து செய்ய வேண்டி வந்தது. விமானியை இழந்தால் புதிதாக ஒருவரைத் தயார்செய்யப் பணமும் காலமும் ஆகும், அதனால் கம்பெனிக்கே அவரை வைத்துக்கொள்ள ஆசை இருக்கும். பெட்டி ஏற்றி இறக்குகிறவருக்கு அந்தப் பலம் கிடையாது, அவரைக் காப்பாற்றியது அந்த நிபந்தனை மட்டும்தான்.

நம் நாட்டில் வேறு மாதிரி. 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள், வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் போகும் என்று அரசே சொன்னது, ஆனால் ஆட்களை வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. அடுத்த மார்ச்சில், ஊரடங்கு நேரத்தில், முழுச் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும் என்று உத்தரவு வந்தது, கொடுக்கப் பணம் வரவில்லை. முதலாளிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள், இரண்டு மாதத்துக்குள் உத்தரவே போய்விட்டது.

எனக்குப் பிடித்தது ஜெர்மனியின் ஏற்பாடு. வேலை குறைந்தால் ஆளை அனுப்பாமல் நேரத்தைக் குறைக்கிறார்கள், இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, குழந்தை இருந்தால் 67 சதவீதத்தை, அரசு ஏற்கிறது. கொரோனாவின்போது இந்த விகிதத்தைக் கூட்டவும் செய்தார்கள். பணம் கம்பெனி வழியாக வந்தாலும் கணக்கு தொழிலாளியின் பெயரில், அவர் இழந்த மணிநேரத்துக்கு. 2020 ஏப்ரலில் சுமார் 60 லட்சம் பேர் இப்படித்தான் வேலையில் இருந்தார்கள்.