பட்டர்ஃப்ளையில் கை தூக்க முடியவில்லையா? தப்பு தோளில் இல்லை!

(திரையில்: நீச்சல் குளம். ஒருவர் பட்டர்ஃப்ளை, அதாவது இரண்டு கையையும் ஒன்றாகத் தண்ணீருக்கு மேலே வீசும் நீச்சல், அடிக்கிறார். ஐந்தாவது ஸ்ட்ரோக்கில் (கைவீச்சில்) கை தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை.)

அந்த ஆள் நான்தான். முப்பத்தெட்டு வயதில் பட்டர்ஃப்ளை கற்றுக்கொள்ளப் போனேன். முதல் நாளே லைஃப்கார்டு நீளக் கழியைக் கையில் எடுத்துவிட்டார். நான் முங்குகிறேன் என்று நினைத்தாராம்! பக்கத்து லேனில் என்னைவிட இருபது வயது மூத்த அக்கா ஒருவர், ஒல்லியான உடம்பு, அலுங்காமல் பட்டர்ஃப்ளையில் போய்க்கொண்டிருந்தார். தினமும் ஜிம்முக்குப் போகிறவன் நான். அப்புறம் எப்படி?

வணக்கம் நண்பர்களே. வரலாற்றைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 1930களில் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் (தவளை மாதிரி நீந்துவது) வீரர்கள் சிலர், கையைத் தண்ணீருக்கு மேலே வீசினால் வேகம் கூடுவதைக் கண்டுகொண்டார்கள். கால் மட்டும் அதே தவளை உதை. 1952இல் இதைத் தனி நீச்சலாகப் பிரித்தார்கள், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தனிப் போட்டியாக வந்தது. போதும், தண்ணீருக்குள் இறங்குவோம்.

துவைத்த வேட்டியைக் கொடியில் போடுவதற்கு முன் ஓர் உதறு உதறுவோமே, அதை நினைத்துப் பாருங்கள்.

(திரையில்: மொட்டை மாடி. ஈர வேட்டி. மெதுவாக ஓடும் காட்சி.)

இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கி, வெடுக்கென்று இறக்குகிறோம். கை அசைந்தது ஒரு சாண்தான். ஆனால் அலை துணி முழுக்க ஓடி, அந்தக் கடைசியில் பட்டென்று வெடிக்கிறது. முகத்தில் தண்ணீர் தெறிக்கிறது. அதே வேட்டியை நடுவில் பிடித்து உதறுங்கள், சொதசொதவென்று தொங்கும், அவ்வளவுதான். இதைப் படம்பிடிக்க அரை நாள் ஆனது. மூன்று வேட்டி உதறினேன். வீட்டில் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பட்டர்ஃப்ளையில் நெஞ்சுதான் கை பிடித்திருக்கும் முனை, பாதம்தான் வெடிக்கிற முனை. நெஞ்சை நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீரில் அழுத்தினால் இடுப்பு தானாக மேலே வரும். அந்த அலை தொடை, முழங்கால் என்று இறங்கிப் பாதத்தில் சொடுக்கும். பெரியவர்களாகிக் கற்றுக்கொள்கிற நாம் என்ன செய்கிறோம்? நெஞ்சைப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கி மடக்கி உதைக்கிறோம். நடுவில் பிடித்த வேட்டி!

சோதித்துப் பார்க்க ஒரு வழி: சுவரைத் தள்ளிவிட்டு, கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, நெஞ்சை அழுத்தி அழுத்தியே 10 மீட்டர் போங்கள். நத்தை வேகம்தான். ஆனால் நகர்ந்தால் அலை பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

சரி, இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஒரு ஸ்ட்ரோக்குக்கு இரண்டு கிக். கை உள்ளே போகும்போது ஒன்று, கை வெளியே வரும்போது ஒன்று. நான் அந்த அக்காவின் காலையே பத்து நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தேன் (அனுமதி கேட்டுவிட்டுத்தான்). அவருடைய இரண்டாவது கிக் விழுகிற அதே நொடியில் கை வெளியே வந்தது. என் கணக்கில் அந்த இரண்டாவது கிக்கே இல்லை! அந்த உதைதான் தோளைத் தண்ணீருக்கு மேலே ஏற்றிவிடுகிறது. அது இல்லாமல் மூழ்கிக் கிடக்கும் தோளை வைத்துக் கையைத் தூக்கினால், எந்த ஜிம் உடம்பும் ஐந்தாவது ஸ்ட்ரோக்கில் செத்துப்போகும்.

தலை? கைக்கு முன்னால் வெளியே வர வேண்டும், கைக்கு முன்னால் உள்ளே போக வேண்டும். மூச்செடுக்கும்போது தாடை தண்ணீரை உரசட்டும். எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்கக் கூடாது. தலை ஏறினால் கால் இறங்கும், தராசுத் தட்டுதான். கையை வானத்துக்கு வீசாமல், பக்கவாட்டில் தண்ணீரை ஒட்டிக் கொண்டுவாருங்கள்.

பயிற்சிக்கு எனக்குப் பிடித்தது: வலது கையால் மூன்று ஸ்ட்ரோக், இடது கையால் மூன்று, இரண்டும் சேர்த்து மூன்று. ஃபின்ஸ் (காலில் மாட்டும் ரப்பர் துடுப்பு) போட்டுக்கொள்வதில் வெட்கமே வேண்டாம். ஸ்ட்ரோக் குலைந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள், 12 மீட்டராக இருந்தாலும் சரி. குலைந்த ஸ்ட்ரோக்கோடு 50 மீட்டர் முடித்தால் உடம்பு அந்தக் குலைந்ததைத்தான் மனப்பாடம் செய்யும். தோளில் சுருக்கென்றால் அன்றைக்கு ஃப்ரீஸ்டைல் கூட வேண்டாம், கரையேறிவிடுங்கள்.

நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ், 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரம் 1:56.48. பத்தில் ஒரு விநாடி! அந்தத் தகுதியை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர். வீடியோ கிடைத்தால் அவருடைய கையைப் பார்க்காதீர்கள், இடுப்பைப் பாருங்கள்.

டால்ஃபின் கிக், அதாவது இந்த அலை உதை, வரவே வரவில்லையா? 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மாஸ்டர்ஸ் போட்டிகளில், பட்டர்ஃப்ளைக்குத் தவளை உதையை இன்றும் விதி அனுமதிக்கிறது. 1930களின் பட்டர்ஃப்ளை சட்டப்படி உயிரோடு இருக்கிறது! இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் சிரித்துக்கொண்டே தூங்கினேன். உங்களுக்கு எந்த உதை வருகிறது, கமென்டில் போடுங்கள்.

போன வாரம் முதல்முறையாக 25 மீட்டர் முடித்து, சுவரைத் தொட்டு, பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன்.

(திரையில்: லைஃப்கார்டு செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். கழி சுவரில் சாய்ந்திருக்கிறது.)