அமினோ அமிலச் சோதனை: முதல் ஒரு மணி நேரம்

நேயர்களே, வணக்கம்.

பிறந்து சில நாளே ஆன குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கிறது, வலிப்பும் வருகிறது. கிருமித் தொற்று என்று பார்த்தால் அதுவும் இல்லை. அப்போது டாக்டர் எழுதித் தரும் சோதனைகளில் ஒன்று, ரத்தத்திலுள்ள அமினோ அமிலங்களின் (புரதத்தின் அடிப்படைத் துண்டுகளின்) அளவு. அந்த அளவு, உடல் புரதத்தைக் கையாள்வதில் பிறவிக் கோளாறு உண்டா என்று காட்டும். மெஷின் இருப்பது பெரும்பாலும் பெருநகர ஆய்வகத்தில். ரத்தம் எடுப்பது உங்கள் ஊர் மருத்துவமனையில். முடிவு கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் முதல் ஒரு மணி நேரத்தில்.

கடைசியாகப் பால் கொடுத்து மூன்று, நான்கு மணி நேரம் கழித்து, அடுத்த வேளைப் பாலுக்கு முன் ரத்தம் எடுங்கள். அதற்காக நெடுநேரம் பட்டினி போடக் கூடாது. அது குழந்தைக்கு ஆபத்து. தவிர, லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற மூன்று அமினோ அமிலங்களும் பட்டினியிலேயே ஏறிவிடும். நிலைமை மோசமென்றால் நேரம் பார்க்காதீர்கள், உடனே எடுங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போட்ட பச்சை மூடி டியூபில் 1 முதல் 2 மில்லி போதும். டிரிப்ஸ் ஏறும் கை வேண்டாம். டியூபை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள். குலுக்கினால் சிவப்பணு உடையும். ஹெப்பாரின் இல்லாத சிவப்பு மூடி டியூப் வேண்டாம்; அதில் ரத்தம் உறையும்போது தட்டணுக்களிலிருந்து டாரின் என்ற அமினோ அமிலம் வெளியே வந்து கணக்கைக் கெடுக்கும்.

டியூபை உடனே ஐஸ் தண்ணீரில் வையுங்கள். முடிந்தால் அரை மணிக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள். மேலே தெளிந்த மஞ்சள் நீரை மட்டும் உறிஞ்சி, சிவப்பணுக்களுக்கு மேல் படிந்திருக்கும் வெள்ளணுப் படலத்துக்கு மேல் கொஞ்சம் விட்டுவிடுங்கள். மிச்சம் பிடிக்கும் ஆசையில் படலத்தையும் சேர்த்து உறிஞ்சுவது பலரும் செய்கிற தவறு.

ஏன் இத்தனை அவசரம்? அறை வெப்பத்தில் கிடந்தால் குளூட்டமின் குறைந்து குளூட்டமேட் ஏறும். சிவப்பணுவிலுள்ள ஆர்ஜினேஸ் நொதி, ஆர்ஜினினை ஆர்னிதினாக மாற்றிவிடும். யூரியா சுழற்சிக் கோளாறை (உடல் அம்மோனியாவை யூரியாவாக மாற்றி வெளியேற்ற முடியாத பிறவி நோயை) தேடும் டாக்டர் முக்கியமாகப் பார்ப்பவற்றில் குளூட்டமினும் ஆர்ஜினினும் உண்டு. ஹோமோசிஸ்டின் என்ற அமினோ அமிலத்தின் கதை இன்னும் மோசம்: பிளாஸ்மாவைப் பிரித்து வைத்தாலும் நாளாக ஆகப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, சோதனையில் அகப்படாமலே போய்விடும். அதைத் தேடுவதென்றால் ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சேர்த்துப் புரதத்தை உடனே நீக்க வேண்டியிருக்கும்.

பிளாஸ்மா சிவந்திருந்தால் அனுப்பாதீர்கள், திரும்ப எடுங்கள். நன்றாக இருந்தால் மைனஸ் 20 டிகிரியில் உறைய வைத்து, டிரை ஐஸில் (உறைந்த கார்பன் டை ஆக்சைடில்) அனுப்புங்கள். பிரிக்காத ரத்தத்தை ஃப்ரீசரில் வைத்தால் அணுக்கள் எல்லாம் உடைந்து, மாதிரி எதற்கும் ஆகாது.

கூடவே போகும் சீட்டில் குழந்தையின் வயது, கடைசியாகப் பால் குடித்த நேரம், ரத்தம் எடுத்த நேரம், மருந்துகள் எல்லாம் இருக்கட்டும். வலிப்புக்கு வால்புரோயேட் மருந்து கொடுத்திருந்தால் கிளைசின் என்ற அமினோ அமிலம் கூடித் தெரியும். சீட்டில் அது இல்லையென்றால், கிளைசின் கூடும் பிறவி நோயோ என்று ஆய்வகம் சந்தேகிக்க நேரிடும்.