நான்காம் இடத்தில் நின்ற ஒஹாயோ ஸ்டேட் சாம்பியன் ஆன கதை

[திரையில்: 2024 பிக் டென் பட்டியல்]

இந்தப் பட்டியலைப் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால், 2024 சீசன், பிக் டென் கான்ஃபரன்ஸ், அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டு, மொத்தம் 18 கல்லூரிகள். ஆரிகன் ஆடிய 9 ஆட்டத்திலும் வெற்றி, பென் ஸ்டேட்டும் இந்தியானாவும் தலா 8, அதற்குக் கீழே 7 வெற்றி 2 தோல்வியோடு ஒஹாயோ ஸ்டேட். அதிலும் கடைசித் தோல்வி சொந்த மைதானத்தில், பரம எதிரி மிச்சிகனிடம், 13-10. கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்துக்குக்கூடப் போகவில்லை. ஆனால் அந்த சீசனின் தேசிய சாம்பியன் இவர்கள்தான்!

அது எப்படி? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நாம் பார்க்கிற கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுவார்களே, அது) இரண்டு கணக்கு தனித்தனியாக ஓடுகிறது.

ஒன்று ஸ்டாண்டிங்ஸ். கான்ஃபரன்ஸுக்குள் எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி, அவ்வளவுதான். வெளி அணியை எவ்வளவு அடித்து நொறுக்கினாலும் இதில் சேராது.

இன்னொன்று ரேங்கிங். சண்டையெல்லாம் இங்கேதான். உயர்மட்டப் பிரிவில் மட்டும் 130க்கு மேல் அணிகள், ஓர் அணிக்கு வழக்கமான சீசனில் 12 ஆட்டம்தான், எல்லோரும் எல்லோரோடும் மோத வழியே இல்லை, அதனால் யார் பெரியவர் என்று யாராவது உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1936இலிருந்து ஏபி செய்தி நிறுவனம் பத்திரிகையாளர்களிடம் வாக்கு வாங்கிப் பட்டியல் போடுகிறது. ஆனால் பிளேஆஃபுக்கு (தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிக் கட்ட ஆட்டங்கள்) அது செல்லாது. அங்கே 13 பேர் கொண்ட ஒரு கமிட்டி வைத்ததுதான் சட்டம்.

[திரையில்: 2023 டிசம்பர்]

அந்தக் கமிட்டி என்ன செய்யும் என்பதற்கு ஃப்ளோரிடா ஸ்டேட்டைக் கேளுங்கள். 13 ஆட்டம், 13 வெற்றி, ஏசிசி என்ற கான்ஃபரன்ஸின் சாம்பியன். பிளேஆஃபில் அப்போது நான்கே இடம். குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காலில் அடிபட்டு வெளியேறியிருந்தார், அவர் இல்லாமல் இது பழைய அணி இல்லை என்று சொல்லி, ஒரு ஆட்டம் தோற்ற அலபாமாவை நான்காவதாக எடுத்துக்கொண்டார்கள். சரி, அலபாமா முதலிட ஜார்ஜியாவை 27-24 என்று வீழ்த்திவிட்டு வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு ஆட்டமும் தோற்காதவனை வாசலில் நிறுத்துவது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. அப்புறம் ஆரஞ்சு பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று உதை வாங்கினார்களே என்பீர்கள். பாதி அணி அன்று ஆடவே இல்லை, அதை வைத்துப் பேச வேண்டாம்.

அடுத்த வருடமே 12 இடம் ஆனது. 2024இல் ரேங்கிங்கில் முந்திய 5 கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதியாக இருந்தது, மிச்சம் 7 கமிட்டி கையில். அந்த 7இல் நுழைந்ததுதான் ஒஹாயோ ஸ்டேட், ரேங்கிங்கில் கமிட்டி கொடுத்த இடம் 6. டென்னசி, அதுவரை தோற்காத ஆரிகன், டெக்சஸ் என்று வரிசையாகச் சாய்த்து, இறுதியில் நோட்ர டேமை 34-23 என்று முடித்தார்கள்.

நோட்ர டேம் கான்ஃபரன்ஸ் பட்டியலில் எத்தனாவது இடம் என்று தேடாதீர்கள். ஃபுட்பாலில் அவர்கள் எந்தக் கான்ஃபரன்ஸிலும் இல்லை.