எக்ஸ்ப்ளெயின் என்றால் நீட்டி எழுதுவதா?

(குன்னூரில் ஆங்கில ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

விடைத்தாள் திருத்தும் எல்லோரும் பார்ப்பதுதான். 'எக்ஸ்ப்ளெயின்' என்ற கேள்விக்குப் பிள்ளை இரண்டு பக்கம் எழுதியிருக்கும். காரணம் ஒரு வரிகூட இருக்காது. தமிழில் 'விளக்கமாச் சொல்லு' என்றால் விரிவாகச் சொல் என்றும் ஆகும், புரியவை என்றும் ஆகும். அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாருகிறது. ஆங்கிலத்தில் டிஸ்க்ரைப் என்றால் எது, எப்படி இருக்கிறது, எந்த வரிசையில் நடக்கிறது என்று சொல்ல வேண்டும். எக்ஸ்ப்ளெயின் என்றால், அதிலும் தேர்வில், பெரும்பாலும் ஏன் என்று சொல்ல வேண்டும். அலுவலகத்தில் தாமதமாக வந்தவரிடம் 'எக்ஸ்ப்ளனேஷன்' கேட்டால் பத்தரைக்கு வந்தேன் என்று எழுதித் தர முடியுமா?

நம் ஊர் உறைபனியையே எடுத்துக்கொள்வோம். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாப் பக்கம் விடிகாலையில் புல் வெளுத்துக் கிடக்கும். வண்டிக் கண்ணாடியில் ஐஸ் படிந்திருக்கும். வெயில் ஏறினதும் தேயிலைக் கொழுந்து கருகும். டிஸ்க்ரைப் கேள்விக்கு இது நல்ல விடை. 'எக்ஸ்ப்ளெயின் ஒய்' என்று கேட்டால் இதற்கு மதிப்பெண் கிடையாது. அங்கே எழுத வேண்டியது வேறு: மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனக்கிறது. காற்று அசையாத இரவென்றால் மேலே உள்ள சூடான காற்றோடு கலக்காமல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. புல்லின் வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே போனதும் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனிப்படிகமாகிறது.

'பிகாஸ்' போட்டுவிட்டால் போதும் என்று சிலர் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'பிகாஸ் இட் இஸ் வெரி கோல்ட்' என்பது காரண வேஷம் கட்டிய வர்ணனை. பிள்ளையிடம் திருப்பிக் கேளுங்கள்: மேட்டுத் தோட்டம் தப்பிக்க, பள்ளத்துத் தோட்டம் மட்டும் ஏன் கருகியது? மேகம் மூடிய இரவில் ஏன் உறைபனி இல்லை? வெறும் குளிர் இதற்குப் பதில் சொல்லாது.

'ஹவ்' இரண்டோடும் வரும், அதனால்தான் குழப்பம். கல்லாறிலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஏறுவதை 'டிஸ்க்ரைப் ஹவ்' என்றால், தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் இருக்கிறது, என்ஜினின் பல்சக்கரம் அதில் கோத்து ஏறுகிறது என்று வரிசையாகச் சொன்னால் போதும். 'எக்ஸ்ப்ளெயின் ஹவ்' என்றால், சுமார் 12 அடிக்கு 1 அடி உயரும் சரிவில் வழவழப்பான இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் போதாது, வழுக்கும், அதற்காகவே பல் என்பதும் சேர வேண்டும்.

வாக்கிய அமைப்பு பற்றிச் சுருக்கமாக. 'எக்ஸ்ப்ளெயின் மீ', 'டிஸ்க்ரைப் மீ தி ஹவுஸ்' இரண்டும் பிழை. நம் 'எனக்கு'க்கு இங்கே 'டு மீ' வேண்டும். 'டிஸ்க்ரைப் அபௌட்' கூடாது, அபௌட்டை எடுத்துவிடுங்கள். 'ஹி எக்ஸ்ப்ளெயின்ட் தட்' என்று தொடரலாம். 'ஹி டிஸ்க்ரைப்ட் தட்' என்று ஒரு வாக்கியத்தைத் தொடர முடியாது. 'டிஸ்க்ரைப் ஒய்' என்றும் வராது. கேள்வித்தாளிலேயே அப்படி அச்சாகியிருந்தால், இரண்டு வகை விடைக்கும் மதிப்பெண் போட வேண்டியதுதான்.