பின்னால் பார்க்கக் கற்றுக்கொடுப்பது எப்படி? சைக்கிள் பாதுகாப்புப் பயிற்றுநராக வருவோருக்கு ஓர் உரை

அவையோருக்கு வணக்கம். சனிக்கிழமை மாலை, வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும். அதை விட்டுவிட்டுச் சைக்கிள் பாதுகாப்பைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி.

உங்களில் பெரும்பாலோர் நன்றாக ஓட்டுபவர்கள். இந்தப் பயிற்சியில் உங்களுக்கு முதல் தடையே அதுதான். பத்து வயதில் பழகிய சைக்கிள் உடம்பில் ஊறிவிட்டது. பிரேக் பிடிக்கும்போது உங்கள் இடுப்பு எந்த நொடியில் பின்னால் நகர்கிறது என்று கேட்டால் பதில் வராது. உடம்புக்குத் தெரிந்ததை வாயால் சொல்லத் தெரிய வேண்டும். அதைவிடக் கடினம், இன்னொருவர் தடுமாறும்போது காரணத்தைக் கண்டுபிடிப்பது. தவறு கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று, அது தொடங்கும் இடம் வேறு. சக்கரம் வளைகிறது என்றால் கோளாறு முழங்கையில் இருக்கும். லாரி மோதியது திருப்பத்தில் என்றால், தவறு அதற்கு இருபது மீட்டர் முன்பே நடந்திருக்கும். இன்று மாலை முழுக்க நான் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்.

இதைத் தனித் துறையாக வளர்த்த நாடுகள் இருக்கின்றன. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ‘பைக்கபிலிட்டி’ திட்டம் 2007இல் தொடங்கியது. மூன்று நிலைகள்: போக்குவரத்து இல்லாத மைதானம், அமைதியான தெரு, நெரிசலான சாலை. அமெரிக்காவில் ‘லீக் ஆஃப் அமெரிக்கன் பைசிக்ளிஸ்ட்ஸ்’ அமைப்பு, விண்ணப்பிப்பவர் முதலில் அதன் அடிப்படை வகுப்பில் மாணவராக உட்கார்ந்த பிறகுதான் பயிற்றுநர் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறது. இரண்டு இடத்திலும் மதிப்பீட்டாளர் வெறும் ஓட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை, பாடம் நடத்துவதையும் பார்த்துத்தான் தகுதி தருகிறார். நம் சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையம் 2017இல் பாதுகாப்பாக ஓட்டுவதற்கான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதிலும் சட்டமும் செய்முறையும் சேர்ந்தே இருந்தன.

சட்டம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர். சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25. சைக்கிள் பாதையை ஒட்டிப் பாதசாரிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பாதையில் 2025 ஜூலை முதல் சைக்கிள் ஓட்டக் கூடாது. சாலையில் ஓட்டினால் 2019 பிப்ரவரி முதல் தலைக்கவசம் கட்டாயம். பாதையில் போகிறவர் வழியில் சாலையைக் கடப்பதற்கு மட்டும் அந்த விதி பொருந்தாது. சாலையைக் கடக்குமுன் நின்று பார்க்க வேண்டும். பாதையில் ஓட்டும் சைக்கிளில் குறைந்தது ஒரு கைப்பிரேக் வேலை செய்ய வேண்டும். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. விரைவுச்சாலையிலும் சாலைச் சுரங்கத்திலும் சைக்கிளுக்கு இடமே இல்லை.

குழு விதியில் மட்டும் ஒரு நிமிடம் நிற்கிறேன், உங்கள் பாடத் திட்டத்தை அது நேரடியாகத் தொடுகிறது. 2022 ஜனவரி முதல் சாலையில் ஒரு குழுவின் நீளம் ஐந்து சைக்கிளுக்கு மேல் போகக் கூடாது. இருவர் இருவராகப் போனால் பத்துப் பேர், ஒருவர் பின் ஒருவராகப் போனால் ஐந்து பேர். ஒரே தடம் உள்ள சாலையிலும், பேருந்துத் தடம் நடப்பில் உள்ள நேரத்தில் அந்தச் சாலையிலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். அப்படியானால் ஒற்றைத் தடச் சாலையில் உங்களோடு நான்கு மாணவர்தான். எட்டுப் பேர் வந்திருந்தால் இரண்டு குழு, இரண்டு பயிற்றுநர், நடுவில் இரண்டு விளக்குக் கம்பம் அளவு, அதாவது சுமார் 30 மீட்டர் இடைவெளி. இதைத் தெருவில் இறங்கிய பிறகு யோசிக்கக் கூடாது, பதிவுத் தாளைப் பார்க்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

10 கிலோமீட்டர் வேகத்தை மாணவருக்கு எப்படிக் காட்டுவீர்கள்? பெரும்பாலோரின் சைக்கிளில் வேகமானி இருக்காது. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் 14 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். அந்தத் தூரத்தை ஐந்து நொடியில் கடந்தால் மணிக்கு 10 கிலோமீட்டர். அதே ஐந்து நொடியில் 35 மீட்டர் போனால் 25. இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு, நடைபாதையில் தாங்கள் வழக்கமாகப் போகும் வேகம் எது என்று நீங்கள் சொல்லாமலே தெரிந்துவிடும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்: பின்னால் திரும்பிப் பார்ப்பது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், வண்டிகள் நம்மை வலப்பக்கமாகத் தாண்டும். வழியில் லாரி நின்றால், அதைச் சுற்றிப் போக வலது தோளுக்கு மேல் பார்த்தாக வேண்டும். மாணவர் தலையைத் திருப்புகிறார். தலையோடு தோள் திரும்புகிறது. தோளோடு வலது முழங்கை பின்னால் வருகிறது. முழங்கை கைப்பிடியை இழுக்கிறது. சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிறது. எந்த வண்டி வருகிறதா என்று பார்க்கத் திரும்பினாரோ, அந்த வண்டியின் முன்னாலேயே போய் விழப் பார்க்கிறார். ‘நேரா ஓட்டுங்க, நேரா ஓட்டுங்க’ என்று நீங்கள் கத்தினால் அவர் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். இறுக்கினால் இழுப்பு கூடும்.

படி படியாகப் போங்கள். முதலில் சைக்கிளின் இரு பக்கமும் கால் ஊன்றி நின்றபடியே முகவாயை வலது தோளுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கைப்பிடி அசைகிறதா என்று அவரே பார்க்கட்டும். அடுத்து 20 மீட்டர் நேர்க்கோடு. கோட்டின் மேல் மிதித்துக்கொண்டே ஒரு நொடிப் பார்வை. மிதிப்பதை நிறுத்த விடாதீர்கள், வேகம் குறைந்தால் ஆட்டம் வரும். ஒரு நொடிக்கு மேலும் வேண்டாம்: மணிக்கு 15 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு நான்கு மீட்டருக்குச் சற்று அதிகமாக முன்னால் பார்க்காமலே போகிறார். அப்போதும் கோடு விலகினால் வலது முழங்கையைத் தளர்த்தி மடக்கச் சொல்லுங்கள். அதற்கும் சரிவராதவர் வலது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துவிட்டுத் திரும்பட்டும். இழுக்கக் கையே இல்லாதபோது சைக்கிள் நேராகப் போகும். பலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே சரியாகிவிடும்.

இதில் ஒரு பொய்யும் இருக்கிறது. தலை திரும்பும், கண் எதையும் பார்த்திருக்காது. தேர்வுக்காகத் திரும்பும் தலை அது. அதனால் நீங்கள் பின்னால் நின்று விரல்களை உயர்த்துங்கள். ‘மூணு’, ‘அஞ்சு’ என்று மாணவர் உரக்கச் சொல்ல வேண்டும். எண் தவறினால் அந்தப் பார்வை கணக்கில் இல்லை. விரல் எண்ணுவது கைவந்த பிறகே கை காட்டுவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பார், கை காட்டு, மறுபடி பார், பிறகு நகர். முதல் பார்வையை விட்டுவிட்டு நேரே கையை நீட்டுகிறவர்கள் மிக அதிகம். கையை நீட்டிவிட்டால் பின்னால் வருபவர் வழி விட்டுவிட்டார் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டாவது பார்வைதான் அவர் வழி விட்டாரா என்று சொல்லும். இடம் வலம் குழம்புகிறவர் இருந்தால் ‘சோற்றுக்கைப் பக்கம்’ என்று சொல்லுங்கள், உடனே புரியும்.

கை காட்டும்போது ஒரு கைதான் கைப்பிடியில் இருக்கிறது. அந்தக் கையில் எந்த பிரேக்? இந்த ஊரில் ஓடும் சைக்கிள்கள் பல நாடுகளிலிருந்து வந்தவை. சிலவற்றில் முன் பிரேக் வலப்பக்கம் இருக்கும், சிலவற்றில் இடப்பக்கம். வலது கையை நீட்டிய நிலையில் மாணவர் பதறி இடது கையை அழுத்த, அது முன் பிரேக்காக இருந்தால் உடம்பு கைப்பிடியைத் தாண்டிப் போகும். எனவே வகுப்பு தொடங்குமுன் ஒவ்வொரு சைக்கிளாகப் பாருங்கள். முன் பிரேக்கை அழுத்திச் சைக்கிளை முன்னால் தள்ளுங்கள்: பின் சக்கரம் தரையை விட்டு எழ வேண்டும். பின் பிரேக்கை அழுத்திப் பின்னால் இழுங்கள்: முன் சக்கரம் எழப் பார்க்க வேண்டும், பின் சக்கரம் உருளக் கூடாது. நெம்புகோல் கைப்பிடியைத் தொட்டுவிட்டால் அந்தச் சைக்கிள் இன்று ஓடாது. அடுக்குமாடி புளோக்கின் கீழும் ரயில் நிலையத்திலும் மழையில் நனைந்து நிற்கும் சைக்கிள்களில் பிரேக் கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடித்திருக்கும். அழுத்தினால் பிடிக்கும், விட்டால் திரும்பாது.

அவசரமாக நிற்பதற்கான பாடத்தில் மாணவர் பின் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். சத்தம் பெரிதாக வரும், நன்றாக நின்றதாக அவருக்குத் தோன்றும். உண்மையில் தூரம் கூடியிருக்கும். பிரேக் பிடித்ததும் உடல் எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரத்தின் மேல் பாரம் குறைகிறது, அதனால்தான் அது வழுக்குகிறது. நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல மெல்லத் தொடங்கி இறுக்க வேண்டும். மிதிகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், இடுப்பு இருக்கையின் பின்னால் நகரட்டும், கைகள் தாங்கட்டும். மழையில் சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக் முதலில் நீரைத்தான் துடைக்கும், பிடிப்பு பிறகுதான் வரும். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, வடிகால் கம்பித்தட்டு மூன்றின் மேலும் ஈரத்தில் பிரேக் பிடிக்கவோ திரும்பவோ கூடாது.

ஓட்டவே தெரியாத பெரியவர்களும் வருவார்கள். இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவதுதான் நம் ஊர்ப் பழக்கம். அதை விட்டுவிடுங்கள். நீங்கள் பிடித்திருக்கும்வரை சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அவருக்குத் தெரிவதே இல்லை. 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் எடுத்து மிதிகளைக் கழற்றுங்கள். இடது மிதியின் மரை எதிர்த்திசையில் இருக்கும். ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்திப் பின் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு மிதியும் கழலும் என்று நினைவில் வைத்தால் போதும். இருக்கையை இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படியும் அளவுக்கு இறக்குங்கள். தரையை உந்தி நகர்ந்து, பாதங்களைத் தூக்கி மூன்று நான்கு நொடி மிதந்து போக முடிகிற வரை மிதியை மாட்டாதீர்கள். துப்பட்டாவை முடிந்துகொள்ளச் சொல்லுங்கள், வலது கால்சட்டை நுனியை மடித்துக் கட்டச் சொல்லுங்கள், சங்கிலி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. தாங்கிப் பிடிக்க வேண்டி வந்தால் முதலில் அனுமதி கேளுங்கள்.

தலைக்கவசத்துக்கு மூன்று அளவு. புருவத்துக்கு மேல் இரண்டு விரல். காதுக்குக் கீழே வார் ஒன்றுகூடும் முனை. முகவாய்க்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல். ஒருமுறை அடிபட்ட கவசத்தின் உள் நுரை நசுங்கிவிட்டால் மறுபடி எழாது, வெளியே கீறல் இல்லாவிட்டாலும் அதை மாற்ற வேண்டும்.

துவாஸ், காக்கி புக்கிட் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் சைக்கிளில் வேலைக்குப் போகும் நம் தமிழ்த் தம்பிகளுக்காக இந்தப் பாடத்தை அழுத்திச் சொல்கிறேன். லாரி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டி வரும். ஓட்டுநருக்கு அந்த இடப்பக்க ஓரத்தில் கண்ணாடியில் தெரியாத பகுதி பெரிது. சிவப்பு விளக்கில் நிற்கும் லாரியின் இடப்பக்கச் சந்தில் நுழைந்து முன்னால் போகச் சைக்கிளில் வந்தவர் முடிவெடுத்தாரே, அங்கேதான் விபத்து தொடங்குகிறது. லாரிக்குப் பின்னால், ஓட்டுநரின் கண்ணாடி தெரியும் இடத்தில் காத்திருக்கக் கற்றுக்கொடுங்கள். கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. நிறுத்தியிருக்கும் வண்டியைத் தாண்டும்போது ஒரு கதவு திறக்கும் அகலம், குறைந்தது ஒரு மீட்டர் விட வேண்டும். இவை எல்லாவற்றையும் அவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். தெரியாத மொழியில் கேட்ட விதியைத் தலையாட்டி ஏற்றுக்கொள்வார்கள், சாலையில் அது நினைவுக்கு வராது.

மதிப்பீட்டில் பயிற்றுநர்கள் தடுக்கி விழும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். செய்து காட்டும்போதே பேசுவார்கள், மாணவர் கண் வாயின் மேல் இருக்கும், கையைப் பார்க்காது. முதல் முறை வாய் திறக்காமல் செய்து காட்டுங்கள். ஒரே ஓட்டத்தில் நான்கு தவறு கண்டால் நான்கையும் சொல்வார்கள். ஒன்றை மட்டும் சொல்லுங்கள், மற்ற மூன்றும் பெரும்பாலும் அதன் பிள்ளைகளாக இருக்கும். ‘கீழே பார்க்காதீங்க’ என்றால் கண் கீழேதான் போகும். ‘அந்தத் தூணைப் பாருங்க’ என்று சொல்லுங்கள். பிறகு நிற்கும் இடம். மாணவர் முடிவெடுக்கும் இடத்தில் நில்லுங்கள். அவர் முடித்து நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளைவு மட்டுமே தெரியும்.

விழுந்து தலையில் அடிபட்டவர், நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், அன்று மறுபடி ஏறக் கூடாது. மயக்கம், வாந்தி, குழப்பம் எது தெரிந்தாலும் ஆம்புலன்சுக்கு 995. இடி கேட்டால் மைதானத்தை விட்டுக் கூரைக்குள் போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்பி வாருங்கள்.

நாளை காலை ஏழரை மணிக்கு, வெயில் ஏறுமுன், பின்னால் உள்ள திடலில் தொடங்குவோம். அவரவர் சைக்கிள், தலைக்கவசம், தண்ணீர். இருவருக்கு ஒரு சுண்ணாம்புக் கட்டி தருகிறோம். முதல் வேலை 14 மீட்டர் அளந்து கோடு போடுவது. அடுத்து இருவர் இருவராக நின்று விரல் எண்ணும் பயிற்சி: ஒருவர் ஓட்டுவார், மற்றவர் சக்கரத்தைப் பார்க்காமல் அவருடைய வலது முழங்கையை மட்டும் பார்த்துக் குறிப்பெடுப்பார்.