அப்பாவுக்கு மட்டும் மூடியிருந்த கடை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘சிகரெட் ஒழியத் தேவை சட்டத் தடையா, தனிமனித மன உறுதியா?’ என்பது தலைப்பு. தடைதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு நல்ல உதாரணம் சொன்னார். “ஐயப்பனுக்கு மாலை போட்டவர் 48 நாள் சிகரெட்டைத் தொடுவதில்லையே, அவரைத் தடுத்தது எந்தப் போலீஸ்? எந்தச் சட்டம்? மனசுதானே!” என்று கேட்டார். பலமாகக் கைதட்டினீர்கள். அந்த உதாரணத்தையே நானும் எடுத்துக்கொள்கிறேன். அது என் வீட்டில் நடந்தது.

என் அப்பா கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட். தெருமுனை அண்ணாச்சி கடைக்குச் சில்லறையோடு ஓடி, “அப்பாவுக்கு ரெண்டு” என்று வாங்கி வந்த பிள்ளை நான்தான். எனக்கு அப்போது ஏழு வயது. யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை, என் அம்மா உட்பட.

அப்பா பதினோரு வருஷம் மலைக்குப் போனார். கார்த்திகை முதல் தேதி விடிவதற்குள் குளித்துவிட்டு மாலை போட்டால் அவ்வளவுதான், சிகரெட் இல்லை. வீட்டில் அந்த வாடை போய்விடும். நான் அவர் மடியில் உட்காருவது அந்த 48 நாள் மட்டும்தான். மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் மறுபடியும் பற்ற வைத்துவிடுவார். பதினோரு வருஷமும் இதே கதை.

நானும் பல வருஷம் எதிரணி மாதிரிதான் நினைத்தேன். 48 நாள் முடிந்தவருக்கு 49-ஆவது நாள் ஏன் முடியவில்லை? எங்களை விட அவருக்கு அதுதான் பெரிதா? அப்பா மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கல்யாணமாகி, எனக்கும் பிள்ளை பிறந்த பிறகுதான் அந்த 48 நாளில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன்.

அந்த 48 நாளும் அண்ணாச்சி அவருக்கு சிகரெட் தரமாட்டார். கேட்டாலும் தரமாட்டார்; கழுத்தில் மாலை இருக்கிறதே. பட்டறையில் கூட வேலை செய்பவர்கள், “சாமி வர்றாரு” என்று கையில் இருப்பதை மிதித்து அணைத்துவிடுவார்கள். டீக்கடைப் பக்கமே அவர் போகமாட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் பாக்கெட்டை நீட்டமாட்டார்கள். சாயங்காலம் ஆனால் பஜனை. ஊரே கூடி ஒரே ஒரு மனிதருக்கு சிகரெட் கிடைக்காதபடி பார்த்துக்கொண்டது. நடுவர் அவர்களே, இதற்குப் பெயர் என்ன? தடை! எழுதி வைக்காத தடை. அப்பாவின் மன உறுதி பெரிதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தெரு முழுக்க அவருக்குத் துணை நின்றதால்தான் அது நின்றது.

49-ஆவது நாள் நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நானும் கூடப் போயிருந்தேன். அப்பா கடலைமிட்டாய் வாங்கத்தான் போனார். அண்ணாச்சி பாசமாகக் கேட்டார்: “என்ன, நல்ல தரிசனமா?” கேட்டுக்கொண்டே, அப்பா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, ஒரு சிகரெட்டை எடுத்துக் கண்ணாடி பாட்டில் மேல் வைத்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கு அது வியாபாரம், கொஞ்சம் பிரியமும்கூட.

இதில் உடம்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள். சிகரெட்டுக்கு அடிமையாக்கும் பொருளான நிகோடின் உடம்பை விட்டு வெளியேறச் சில நாட்கள் போதும். எரிச்சல், தூக்கமின்மை, தவிப்பு எல்லாம் பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு வாரத்தில் அடங்கிவிடும். அப்படியானால் 49-ஆவது நாள் என் அப்பாவின் உடம்பு அதைக் கேட்டு அடம்பிடிக்கவில்லை. கேட்டது பழகிய இடம், பழகிய கை, பழகிய நேரம். இழுத்த பத்துப் பதினைந்து வினாடியில் மூளைக்குப் போய்ச் சேரும் பொருள் நிகோடின். அந்தச் சுகத்தை மூளை இடத்தோடும் நேரத்தோடும் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. டீ குடித்தால் ஞாபகம் வரும், சாப்பிட்டால் வரும், பஸ்ஸுக்கு நின்றால் வரும். வரும்போது எதிரே கடையும் இருந்தால்?

எதிரணியில், “மனசு வைக்காதவனை யார் திருத்துவது?” என்று கேட்டார்கள். மனசு வைத்திருக்கிறார்கள் ஐயா! மத்திய சுகாதார அமைச்சகம் 2016-17இல் நடத்திய ஆய்வைப் பாருங்கள். நாட்டில் புகைபிடிப்பவர்களில் 38.5 சதவீதம் பேர் அதற்கு முந்தைய 12 மாதத்துக்குள் ஒரு முறையாவது விட முயன்றவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விட வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. ஆனால் எந்த உதவியும் இல்லாமல் மன உறுதியை மட்டும் நம்பி விடுகிறவர்களில், ஆறு மாதமோ ஒரு வருஷமோ தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். மீதி 95 பேரையும் பார்த்து ‘உறுதி இல்லாதவர்கள்’ என்பீர்களா? என் அப்பாவைப் பார்த்து நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

எதிரணியில் பேசிய கல்லூரித் தம்பி, “என் உடம்பு, என் உரிமை” என்றார். தம்பி, என் அப்பா முதல் சிகரெட்டைப் பிடித்தது 17 வயதில், பட்டறையில் சேர்ந்த வருஷம். 17 வயதுப் பையன் எடுத்த முடிவுக்கு 61 வயது மனிதர் மூச்சுத் திணறியபடி பதில் சொன்னார். இதில் உரிமை எங்கே இருக்கிறது? 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்கக் கூடாது, பள்ளி கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் கடையே கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நாளைக்குக் காலையில் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பெட்டிக்கடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்தக் காலத்தில் முனையில் நெருப்பு கனன்றுகொண்டிருக்கும் கயிறு தொங்கும். இன்று நூலில் கட்டிய லைட்டர் தொங்குகிறது. தீப்பெட்டி வாங்கக்கூடக் காசு வேண்டாம். பாக்கெட் வாங்கப் பணம் இல்லையா, ஒன்றே ஒன்று போதும். வீட்டில் வாடை தெரியக் கூடாதா, கூடவே ஒரு மிட்டாய். 2016 ஏப்ரலிலிருந்து பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று ஆக்கினோம். நல்ல காரியம்தான். ஆனால் ஒற்றை சிகரெட் வாங்கும் பையன் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. விடுவதற்கு உதவி கேட்க 1800-11-2356 என்ற இலவச எண்ணும் அந்தப் பாக்கெட்டில்தான் இருக்கிறது. அதுவும் அவன் கண்ணில் படாது. தொடங்க வேண்டிய வசதி எல்லாம் தெருமுனையில். விடுவதற்கான வழி மட்டும் அவன் வாங்காத பாக்கெட்டில்!

சரி, சட்டத்தால் என்ன மாறிவிடும் என்று கேட்டார்கள். இங்கே நாற்பது வயது தாண்டியவர்களைக் கேட்கிறேன். டவுன் பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து புகை வருமே, ஞாபகம் இருக்கிறதா? மடியில் கைக்குழந்தையோடு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போமே? தியேட்டரில் திரைக்கு முன்னால் புகை மிதக்குமே? இன்றைக்கு அது எங்கே போனது? புகைத்தவர்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் மனம் மாறிவிட்டார்களா? 1999இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்றது, 2001இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது, 2003இல் சட்டம் வந்தது, 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் கடுமையாயின. அபராதம் 200 ரூபாய் வரைதான். அதற்கே பஸ் சுத்தமாகிவிட்டது. இன்றைக்கு பஸ்ஸில் ஒருவர் பற்ற வைத்தால் நடத்துநர் விசில் அடிப்பதற்கு முன்னால் பயணிகள் இறக்கிவிடுவார்கள். அந்த மனமாற்றம் சட்டத்துக்குப் பின்னால்தான் வந்தது.

அப்புறம் பூடான். எதிரணி பெரிய ஆயுதமாக நினைத்து எடுத்தது அதைத்தான். பூடான் 2004இல் புகையிலை விற்பனையைத் தடை செய்தது, கடத்தல் பெருகியது, 2021இல் தடையை விலக்கிக்கொண்டது. உண்மை, மறுக்கவில்லை. ஆனால் கடத்தல் சரக்கு எங்கிருந்து போனது? எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து, நம் நாட்டிலிருந்து! நாம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் தரையைத் துடைக்கத் தெரியாதவர் என்று சொல்லலாமா? பூடான் செய்த தப்பு வேறு. 2011இல், கொஞ்சம் புகையிலை கொண்டுவந்த ஓர் இளம் துறவிக்கு மூன்று வருஷச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அந்த மாதிரித் தடையை நான் கேட்கவில்லை. என் அப்பாவை ஜெயிலில் போடும் சட்டத்துக்கு நான் எதற்காக வாதாடப் போகிறேன்?

நான் கேட்பது இதுதான். ஒற்றையாக விற்பதை இன்றே நிறுத்துங்கள். மகாராஷ்டிரம் 2020இல் அதற்கு உத்தரவு போட்டது. இன்றைக்குப் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளுக்கு, அவர்கள் எத்தனை வயது ஆனாலும், சிகரெட் விற்கக் கூடாது என்று ஒரு கோடு போடுங்கள். மாலத்தீவு போட்டுவிட்டது: 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கு விற்பனை இல்லை என்று 2025 நவம்பரிலிருந்து சட்டம் அங்கே நடப்பில் இருக்கிறது. ஏற்கெனவே பழகியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரையும் ஆலோசனையும் கொடுங்கள். தண்டனை விற்பவருக்கும் தயாரிப்பவருக்கும் மட்டும். நம்மால் தடை போட முடியாதா என்ன? மின்சிகரெட்டை 2019இல் இதே நாடு தடை செய்ததே. பிள்ளைகளைக் கெடுக்கும் என்று காரணமும் சொன்னதே. நெருப்பு வைக்கும் சிகரெட்டுக்கு மட்டும் ஏன் அந்தக் காரணம் செல்லாது?

வரி வருமானம் போகும் என்றார்கள். 2017-18இல் புகையிலை நோய்களாலும் அகால மரணங்களாலும் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 1 லட்சத்து 77 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். புகையிலையால் வந்த கலால் வரி அதில் எட்டில் ஒரு பங்குகூட இருக்காது. இதில் என் மனசை மிகவும் கஷ்டப்படுத்துவது ஒன்று உண்டு: நம் உயிருக்குக் காப்பீடு தரும் எல்.ஐ.சி., நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனத்தில் சுமார் 15 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது.

பீடித் தொழிலாளர்களின் பிழைப்பு என்னாகும் என்று எதிரணி கேட்டது மட்டும் நியாயமான கேள்வி. சிகரெட்டை மட்டும் நிறுத்தினால் ஆட்கள் பீடிக்குப் போவார்கள். பீடியையும் நிறுத்தினால் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை சுருட்டும் பெண்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டுத்தான் பீடியில் கை வைக்க வேண்டும், அதற்கு வருஷங்கள் ஆகும். ஆனால் நாளெல்லாம் குனிந்து அந்தத் தூசியை மூச்சில் வாங்கும் எந்தத் தாயும் தன் மகளுக்கு இதே முறம் வேண்டும் என்று ஆசைப்படுவதில்லை. அவர்களைக் காரணம் காட்டி மெஷினில் உருளும் சிகரெட்டைக் காப்பாற்ற வேண்டாம்.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். பிரிட்டனில் டாக்டர்களையே ஐம்பது வருஷம் தொடர்ந்து ஆராய்ந்து, 2004இல் முடிவைச் சொன்னார்கள். தொடர்ந்து புகைப்பவர் சராசரியாகப் பத்து வருஷம் முன்னதாகவே போய்விடுகிறார். முப்பதில் விட்டால் அந்தப் பத்தும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பக் கிடைக்கும். அறுபதில் விட்டால் மூன்று. என் அப்பா விட்டது 61இல், மாடிப்படி ஏற முடியாமல் போன பிறகு. ஏழு வருஷம் ஆகிறது, ஒன்றுகூடத் தொடவில்லை. இன்றைக்கும் சாயங்காலம் பேரனைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனால் நேர் வழியில் போகமாட்டார். பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றித்தான் போவார். ஏன் தாத்தா இப்படிச் சுற்றிப் போகிறோம் என்று போன வாரம் பேரன் கேட்டான். அப்பா சொன்னார்: “அந்தப் பக்கம் கடை இருக்குடா கண்ணு.”

வணக்கம்.